படகில் ஏறுமுன் ஒரு நிமிடம்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கெடா தோட்டப்புறங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். “இந்தத் தடவையாவது லங்காவிக்குப் போவோமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்பா சம்பள நாளைப் பார்ப்பார். அம்மா கூட்டுக் கட்டிய பணத்தை எண்ணிப் பார்ப்பார். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவு குறையும் என்று முடிவாகும். விடியுமுன்னே புளிச்சாதமும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு சுங்கைப்பட்டாணியிலிருந்தோ, கூலிமிலிருந்தோ, பாலிங்கிலிருந்தோ புறப்பட்டு, அலோர்ஸ்டாரைத் தாண்டினால் கோலா கெடா வந்துவிடும். கெடா ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. மீன்பிடிப் படகுகள், கருவாட்டு வாசம், பழைய கோட்டை, லங்காவிக்குப் புறப்படும் பெரிய படகு எல்லாம் அங்கே உண்டு.

இதெல்லாம் நல்ல சந்தோஷந்தான். உழைத்துக் களைத்த குடும்பம் ஒரு நாள் கடல் காற்று வாங்குவதில் என்ன தப்பு? ஆனால் வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் ரப்பர் மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் வளர்ந்தவர்கள். கடல் நமக்குப் பழக்கமில்லை. பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆகவே படகில் ஏறுமுன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நமக்கு மற்றவர்களைவிட அதிக அவசியம்.

சில வருஷங்களுக்கு முன் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் சிறிய படகில் உல்லாசச் சவாரி போக ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. படகு ஏற்கெனவே நிறைந்திருந்தது. இன்னும் மூன்று பேர் பாக்கி. “போலே, போலே!” என்று படகுக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். மருமகன் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கப் போனார். அந்தக் குடும்பத்துப் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, பிள்ளைக்குச் சட்டை இருக்கா? இல்லேன்னா அடுத்த படகுல போவோம். கடல் எங்கேயும் ஓடிடாது” என்றார். மருமகனுக்குக் கோபம். ஆனாலும் இறங்கினார். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் படகு பத்திரமாகத்தான் திரும்பி வந்தது. இருந்தாலும் பாட்டி சொன்னதுதான் சரி. பத்துத் தடவை தப்பியவர்கள் பதினோராவது தடவையும் தப்புவார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அந்தப் பாட்டிக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. தீபகற்ப மலேசியாவில் படகுப் போக்குவரத்துக்கு அடிப்படை 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். பிற்பாடு அதில் பல திருத்தங்கள் வந்தன. அதைக் கவனிப்பது கடல்துறை இலாகா, அதாவது ‘ஜபாத்தான் லாவுட்’. அமெரிக்காவில் படகுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் நாட்டில் கப்பல் போக்குவரத்து கூட்டரசின் பொறுப்பு. ஆகவே கோலா கெடாவில் ஏறினாலும் பினாங்கில் ஏறினாலும் தீபகற்பத்தில் சட்டம் ஒன்றே.

கூலிக்குப் பயணிகளை ஏற்றும் படகுக்கு உரிமம் வேண்டும். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு அளவு உண்டு. உயிர் காக்கும் சாதனங்கள் படகில் இருக்க வேண்டும். கடலில் இவற்றைச் சோதிக்க 2005 நவம்பர் முதல் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் ரோந்துப் படகுகளும் இயங்குகின்றன. ஆனால் ஒவ்வொரு படகுக்கும் ஓர் அதிகாரி காவல் நிற்க முடியுமா? கடைசிக் காவல் நீங்கள்தான்.

இந்தச் சட்டங்கள் சும்மா எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கண்ணீர் இருக்கிறது. 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது கப்பலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உயிர்காப்புப் படகில் இடம் இருந்தது. 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1914இல், கடலில் உயிர்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம் முதல் முதலாக உருவாயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த் படகுத்துறையில் பயணிகள் திரண்டிருந்த மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். 1,600 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அன்று புனித அன்னாள் திருவிழாவுக்கு வந்த கூட்டமும் அங்கே இருந்தது. ஆபத்து கடலில்தான் என்பதில்லை, துறையிலேயே காத்திருக்கலாம். கூட்டம் நெரிந்தால் பிள்ளைகளோடு ஒதுங்கி நில்லுங்கள். அடுத்த படகு வரட்டும்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி கேரளாவில் தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததால் படகு சாய்ந்தது என்று சொல்லப்பட்டது. 2023 மே 7ஆம் தேதி அதே கேரளாவில் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் சுற்றுலாப் படகாக்கி, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கோலா கெடா போன்ற மீனவர் ஊருக்குப் போகும் நாம் இதை மறக்கக்கூடாது. மீன் பிடிக்க நல்ல படகு, ஆட்களை ஏற்றவும் நல்ல படகு என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? படகில் ஏறுமுன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் படகின் எண். பதிவு எண் எழுதப்படாத படகில் ஏற வேண்டாம். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். தலையை எண்ணுங்கள். மடியில் இருக்கும் பிள்ளையும் ஒரு தலைதான்.

இரண்டாவது, மிதவைச் சட்டை. ‘ஜாகெட் கெசலாமத்தான்’ என்று கேட்டால் தருவார்கள். இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. சிறிய படகில் அதை உடம்பில் போட்டிருக்க வேண்டும். படகு கவிழ சில வினாடி போதும். அந்த நேரத்தில் தேடி எடுத்துக் கட்ட முடியாது. அமெரிக்காவில் 2022இல் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சட்டை போடாதவர்கள்.

தாய்மார்களே, பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் பிள்ளை அடியில் நழுவிப் போகும், சட்டை மட்டும் மேலே மிதக்கும். வார்களை இறுக்கிக் கட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரியது. காற்று ஊதிய கைவளையமும் ரப்பர் வாத்தும் விளையாட்டுச் சாமான்கள். உயிர் காக்க மாட்டா.

மூன்றாவது, உட்காரும் விதம். சிறிய படகில் எழுந்து நிற்பதும், போட்டோ எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்வதும் ஆபத்து. லங்காவி போகும் பெரிய படகு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். அதில் ஏறியதும் வெளியேறும் கதவு எங்கே, சட்டை எங்கே என்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வழியில் மூட்டை முடிச்சுகளை வைக்காதீர்கள்.

நான்காவது, வானம். வானிலை இலாகா பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் என்று எச்சரிக்கை கொடுக்கும். முதல் நிலை எச்சரிக்கை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்று பொருள். சிறிய படகுகளுக்கு அதுவே ஆபத்து. வேனுக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.

தோட்டத்து ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெடு, மூடா, பெரிஸ் ஏரிகளில் தூண்டில் போடப் போகிறவர்கள் நீங்கள். ஏரித் தண்ணீர் அமைதியாக இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மோட்டார் படகு ஓட்டுகிறவர், இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரமும் நின்றுவிடும். தண்ணீரில் இருப்பவரை ஏற்றுமுன் இயந்திரத்தை நிறுத்துங்கள். சுழலும் விசிறி காலை அறுத்துவிடும். குடித்துவிட்டுப் படகில் ஏறவே ஏறாதீர்கள். சாலையில் தடுமாறினால் தரையில் விழுவீர்கள். தண்ணீரில் தடுமாறினால்?

எல்லாவற்றையும் மீறிப் படகு கவிழ்ந்துவிட்டால் பதறாதீர்கள். மிதக்கும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நீந்திப் போகலாம் என்று விட்டுவிட்டால் பாதி வழியில் கை ஓய்ந்துவிடும். பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றிச் சேர்ந்து மிதங்கள். விழுந்தவரைப் பார்த்த மற்றவர் தாமும் குதிக்காமல், மிதக்கும் பொருளையோ கயிற்றையோ வீசுங்கள். உதவிக்கு 999 எண்ணை அழையுங்கள். கைத்தொலைபேசியை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தால் அப்போது உதவும்.

“இவ்வளவு பார்த்தால் ஊர் சுற்றவே முடியாது” என்று சிலர் சிரிக்கலாம். எண்ணிப் பாருங்கள்: எண்ணைப் பார்க்க, தலையை எண்ண, சட்டையைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். பால் வெட்டப் போகும்போது கத்தியைத் தீட்டாமலா போகிறோம்?

அடுத்த விடுமுறைக்குக் கோலா கெடா போகும்போது, படகுக்காரர் “போலே, போலே” என்று கூப்பிட்டால் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். “பிள்ளைக்குச் சட்டை இருக்கா?” என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. சட்டை இல்லையென்றால் இறங்கி நில்லுங்கள்; அடுத்த படகு வரும்.