பல் நட்டால் எலும்பு பிடிக்குமா?

அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கு இம்பிளாண்ட் வைக்கலாம் என்று பல் மருத்துவர் சொன்னதும், கூட வந்திருக்கும் மகள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் இருக்கே டாக்டர், ஸ்க்ரூ நிக்குமா?” நியாயமான கேள்வி. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் வலுவிழந்துவிட்டன என்று ஸ்கேன் சொல்லும்போது, தாடை எலும்பு மட்டும் எப்படித் தாங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், இதற்கு மருத்துவம் இதுவரை கண்டிருக்கும் பதில் நம்பிக்கை தருகிறது. கவலைப்பட வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இம்பிளாண்ட் எலும்பில் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1950-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. 1965-ல் அவர் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய ஸ்க்ரூக்களைப் பொருத்தினார். அவை 2006-ல் அந்த மனிதர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அசையாமல் இருந்தன. இம்பிளாண்டைத் தாங்குவது பசையோ சிமெண்டோ இல்லை. அதைச் சுற்றிப் புதிதாக வளரும் உயிருள்ள எலும்பு.

எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் கட்டப்படுகிறது. கரைக்க ஒருவகை செல், கட்ட இன்னொருவகை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கரைப்பு முந்திக்கொள்கிறது. தேன்கூடு போன்ற உட்பகுதியில் சுவர்கள் மெலிந்து அறுபடுகின்றன. ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை இதுதான். ஸ்கேன் அறிக்கையில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஆனால் அந்த ஸ்கேன் அளப்பது இடுப்பையும் முதுகையும்தான், தாடையை அல்ல. கீழ்த்தாடையின் முன்பகுதி பலருக்குக் கெட்டியாகவே இருக்கும். மேல்தாடையின் பின்பகுதியோ, எலும்புப்புரை இல்லாதவர்களுக்கும் மென்மையானது. அதனால் டி-ஸ்கோரை மட்டும் வைத்து இம்பிளாண்டை மறுப்பது சரியல்ல. இம்பிளாண்ட் வைக்கும் இடத்தை சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எலும்புப்புரை உள்ளவர்களுக்கு வைத்த இம்பிளாண்டுகளை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்புகளில், நிலைத்திருக்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இம்பிளாண்டின் கழுத்தைச் சுற்றி எலும்பு சற்றுக் கூடுதலாகத் தேய்வது மட்டும் தெரிகிறது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் எலும்புப்புரையைவிடப் பெரிய எதிரிகள்.

மென்மையான எலும்பில் வேலை செய்ய மருத்துவர்களிடம் தனி நுட்பம் உண்டு. துளையை ஸ்க்ரூவின் பருமனைவிடச் சற்றுக் குறுகலாகவே போடுவார்கள். ஸ்க்ரூ உள்ளே இறங்கும்போது சுற்றியுள்ள எலும்பை நெருக்கித் தனக்கு இடம் பண்ணிக்கொள்ளும், பிடியும் கூடும். துளையிடும்போது சலைன் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸுக்கு ஏறி ஒரு நிமிடம் நின்றாலே அங்குள்ள செல்கள் கெட்டுப்போகும். பிறகு காத்திருப்பு. வழக்கமாக மூன்று நான்கு மாதங்களில் மேலே பல்லைப் பொருத்துகிறவர்கள், எலும்புப்புரை உள்ளவர்களுக்கு இன்னும் சில மாதங்கள் கூட்டிக்கொள்வார்கள். ‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரத்துக்கு இவர்கள் அவசரப்படக் கூடாது.

இனி, கேட்க மறக்கும் அந்த விஷயம்: எலும்புப்புரைக்கான மருந்து.

வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வார்களே, அது அலெண்ட்ரோனேட். ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுவது சோலெட்ரோனிக் அமிலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது டெனோசுமாப். மூன்றுமே எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்குகின்றன. முறிவைத் தடுக்கும் அருமையான மருந்துகள். ஆனால் தாடை எலும்பு மற்ற எலும்புகளைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதன்மேல் இருப்பது மெல்லிய ஈறு. வாயிலோ எந்நேரமும் கிருமிகள். பல் பிடுங்கிய இடமோ துளையிட்ட இடமோ ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்தபடி செத்துப்போகும் நிலை சிலருக்கு வருகிறது. அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் இப்படி 36 பேரைப் பற்றி எழுதிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 19-ம் நூற்றாண்டு லண்டன் தீப்பெட்டி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை அழுகியதும் இதே போன்றதுதான்.

மார்க்ஸ் கண்டவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். எலும்புக்குப் புற்று பரவியவர்களுக்கு சோலெட்ரோனிக் அமிலம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏறும். எலும்புப்புரைக்கோ ஆண்டுக்கு ஒருமுறைதான். அதனால் ஆபத்தும் வெகுவாகக் குறைவு. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் எடுக்கும் எலும்புப்புரை நோயாளிகளில் 10,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு இது வரலாம் என்கிறது அமெரிக்க வாய்-முக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கை. டெனோசுமாபுக்கு இது 4 முதல் 30 பேர். எனவே புற்றுநோய்க்காக இவற்றை எடுப்பவர்கள் இம்பிளாண்டைத் தவிர்ப்பதே நல்லது. எலும்புப்புரைக்காக எடுப்பவர்கள், விவரம் தெரிந்து, ஒப்புதலோடு, வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த மருந்து எடுக்கிறோம் என்ற விவரம்தான் நோயாளிகளின் வாயில் வருவதில்லை. “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் சர்க்கரையும் பிரஷரும் உடனே வரும். வாரம் ஒருமுறை விழுங்கும் ஞாயிறு காலை மாத்திரை நினைவுக்கு வராது. போன வருடம் எலும்பு டாக்டர் ஏற்றிய டிரிப்ஸ் மருந்துப் பெட்டியிலும் இருக்காது. ஆனால் அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் அமிலமும் எலும்போடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் தங்குபவை. நிறுத்தி நாளானாலும் சொல்லியாக வேண்டும். “கடைசி ஊசி எப்போ?” என்று பல் மருத்துவரும் தனியாகக் கேட்க வேண்டும்.

பயந்துபோய் மருந்தைத் தாமே நிறுத்துவது சொல்லாமல் விடுவதைவிட மோசம். பல ஆண்டுகள் எலும்பில் தங்கும் மருந்தை இரண்டு வாரம் நிறுத்துவதால் எந்தப் பலனும் இல்லை. டெனோசுமாப் கதையே வேறு. அது எலும்பில் தங்குவதில்லை. அடுத்த ஊசி தள்ளிப்போனால், அடங்கியிருந்த கரைப்பு செல்கள் மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரக்கூடும். அதனால் ஊசியைத் தள்ளிப்போடாமல் அறுவையின் தேதியை மாற்றுகிறார்கள்: கடைசி ஊசியிலிருந்து மூன்று நான்கு மாதம் கழித்து இம்பிளாண்ட். அடுத்த ஊசிக்குள் ஈறு ஆறிவிடும், ஊசியும் உரிய நாளில் போடப்படும்.

மருந்தே இன்னும் தொடங்காதவர்களுக்கு வழி எளிது. சொத்தைப் பல்லை எடுப்பது, ஈறு நோயைச் சரிசெய்வது, ஈறை உரசும் பல்செட்டை மாற்றுவது, எல்லாம் முதல் டோஸுக்கு முன்பே முடியட்டும். இடுப்பெலும்பு முறிந்து இப்போதுதான் அறுவை முடிந்தவர்களுக்கு மட்டும் வரிசை மாறும்: எலும்பு மருந்து முதலில், இம்பிளாண்ட் பிறகு.