பூவரசம்பூவும் பொப்பியும்

மன்னார் உப்புக்குளத்தில் பூவரசைத் தேடிப் போக வேண்டியதில்லை. வேலிக்குக் கதியாலாக நட்டது மரமாகி நிற்கும். இலையை ஆடு தின்னும். பிள்ளைகள் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். காலையில் மஞ்சளாக விரியும் பூ, பொழுதுபட மங்கிச் சிவந்து உதிரும். இந்தப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் 1930களில் இலங்கையர் பிரித்தானியப் பேரரசிடம் கேட்டார்கள்: உனக்காகப் போருக்குப் போன எங்கள் ஆளுக்கு என்ன கொடுத்தாய்?

முதல் உலகப் போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11இல். ஆண்டுதோறும் அந்த நாளில் முன்னாள் படையினரின் நலனுக்கென்று சிவப்புப் பொப்பிப் பூ விற்றார்கள். இலங்கையிலும் காசு சேர்ந்தது. சேர்ந்ததில் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. இந்த மண்ணிலிருந்து போய்த் திரும்பியவனுக்கு மிஞ்சியது சொற்பம். ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரருக்கு இது பொறுக்கவில்லை. 1931இல், பொப்பிக்குப் போட்டியாக அதே நாளில் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். அந்தப் பணம் உள்ளூர் முன்னாள் படையினருக்கு. சிங்களத்தில் பூவரசம்பூவுக்குப் பெயர் ‘சூரிய மல்’. இயக்கத்துக்கும் அதுவே பெயரானது.

கடையில் வாங்கும் பூ அல்ல, வேலியோரத்துப் பூ. கேட்டதும் தானம் அல்ல, உரிமை. அவருடைய தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

1933இல் இடதுசாரி இளைஞர்கள் இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து இங்கே வாழவந்த டொரீன் விக்ரமசிங்க அதற்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு மலேரியா நாட்டை வாரிச் சுருட்டியபோது, சூரிய மல் தொண்டர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்கு நடந்தார்கள். அந்தத் தோழமையிலிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மகத்தான வேலைகள்தாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: யாருக்காக முதலில் பூ விற்றார்களோ, அந்தப் படைவீரன் இந்த வரலாற்றில் பின்னுக்குப் போய்விட்டான். பேரரசு அவனை மறந்தது. பேரரசை எதிர்த்தவர்களும் அவனை மெல்ல மறந்தார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவின் ஆதிக்குடி வீரர்களுக்குத் தனி நினைவுநாள், நவம்பர் 8, வாய்த்தது 1994இல்தான். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு, முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், மத்திய கிழக்கு நாட்டவர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து.

மன்னாரில் இருந்துகொண்டு போர்வீரன் என்ற சொல்லை எழுதுவது லேசல்ல. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு போர் நினைவு. ஒருவர் நினைவு அடுத்தவருக்கு வலி. ஏலியன் பெரேரா கேட்டது எந்தப் போரையும் புகழச் சொல்லி அல்ல. போனவனைக் கைவிடாதே என்றுதான்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் சீருடை அணிந்த பாட்டனின் படமோ, கறுத்துப்போன பதக்கமோ கிடந்தால், அவர் பெயரையும் ஊரையும் போருக்குப் போன ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.