ஒரே ஆள், இரண்டு கதிரை: குத்துச்சண்டை ஒப்பந்தங்களுக்குள் நடப்பது என்ன?

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில், கடந்த மாதம் ஆறு பக்க ஒப்பந்தம் ஒன்றை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு 20 வயது. பாடசாலைக் காலத்திலிருந்தே குத்துச்சண்டை பழகுகிறார். வளைகுடா நாடொன்றில் தொழில்முறைப் போட்டி, விமானச் செலவு, தங்குமிடம் எல்லாம் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். ஜேர்மனியில் பிறந்த தமிழரான துளசி தருமலிங்கம் 2016 ரியோ ஒலிம்பிக்கில் கட்டாருக்காக மோதியதைச் சொல்லி, "நம்மட பெடியனும் போகலாம்" என்றாராம்.

தாயார் 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். "எத்தின கடதாசியில கையெழுத்து வச்சிருப்பன் பிள்ள. என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இதையாவது வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வாசித்தேன். முதல் பக்கத்தில் போட்டியை நடத்தும் நிறுவனத்தின் முகவரி இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் வீரரின் முகாமையாளருடைய முகவரி. இரண்டும் ஒன்றே. இரண்டு இடத்திலும் கையெழுத்திட வேண்டியவரின் பெயரும் ஒன்றே.

யார் யாருக்காகப் பேசுவது?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் புரமோட்டர் எனப்படும் ஏற்பாட்டாளர் போட்டியை நடத்துகிறார். மண்டபம், தொலைக்காட்சி, நுழைவுச்சீட்டு எல்லாம் அவருடைய வியாபாரம். வீரருக்குக் குறைவாகக் கொடுத்தால் அவருக்கு இலாபம் கூடும். முகாமையாளர் வீரரின் ஆள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதும், ஆபத்தான போட்டியை மறுப்பதும் அவர் வேலை. வீரரின் வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. இரண்டு பேரும் ஒருவரே என்றால் பேரம் பேச ஆளில்லை.

இதை எங்கள் கரையோர மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. படகுக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்த முதலாளியிடமே மீனை விற்க வேண்டும். விலையையும் அவரே சொல்வார். குத்துச்சண்டையில் படகுக்குப் பதிலாக ஒரு மனித உடல் இருக்கிறது.

விதர்ஸ்பூனின் கணக்கு

1986 ஜூலையில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் அமெரிக்கரான டிம் விதர்ஸ்பூன், பிரித்தானியரான பிராங்க் புரூனோவை வீழ்த்தி அதிபாரப் பட்டத்தைத் தக்கவைத்தார். அவருடைய ஏற்பாட்டாளர் டொன் கிங். முகாமையாளர் டொன் கிங்கின் மகன் கார்ல் கிங். போட்டிக்காக எச்பிஓ தொலைக்காட்சி கொடுத்த தொகை 17 இலட்சம் டொலர். தோற்ற புரூனோவுக்குச் சுமார் 9 இலட்சம். வென்ற விதர்ஸ்பூன் கையில் எஞ்சியது சுமார் 90,000 டொலர். மகன் தன் பங்கை எடுத்தார், பயிற்சிச் செலவு என்றும் கழிக்கப்பட்டது. விதர்ஸ்பூன் வழக்குப் போட்டார். 1990களின் தொடக்கத்தில் சுமார் 10 இலட்சம் டொலருக்கு அது இணக்கமாக முடிந்தது. அதற்குள் அவருடைய சிறந்த ஆண்டுகள் போய்விட்டன.

முகமது அலிக்கே இது நடந்தது. 1980இல் லாரி ஹோம்ஸுடன் மோதியதற்கு 80 இலட்சம் டொலர் பேசப்பட்டது. அதில் 11.7 இலட்சம் குறைவாகவே டொன் கிங் கொடுத்தார். அலி வழக்குத் தொடுத்தார். பின்னர், உடல் தளர்ந்திருந்த நேரத்தில், 50,000 டொலர் காசைப் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிடும் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

அலியின் பெயரில் ஒரு சட்டம்

2000 மே மாதம் அமெரிக்காவில் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விடயங்கள் முக்கியமானவை. பத்துச் சுற்றும் அதற்கு மேலும் உள்ள போட்டிகளில் ஏற்பாட்டாளரும் முகாமையாளரும் ஒருவர் வியாபாரத்தில் மற்றவர் பங்கு வைத்திருக்க முடியாது. போட்டியால் தனக்குக் கிடைக்கும் வருமானத்தை ஏற்பாட்டாளர் வீரருக்குத் தெரிவிக்க வேண்டும். "இந்த எதிராளியுடன் மோதவேண்டுமென்றால் உன் எதிர்காலப் போட்டிகளையும் எழுதித் தா" என்று நிர்ப்பந்தித்து வாங்கும் உரிமை 12 மாதங்களுக்கு மேல் செல்லாது.

சட்டம் வந்ததும் பிரச்சினை தீரவில்லை, பெயர்கள்தான் மாறின. அல் ஹேமன் என்பவர் பெருமளவு வீரர்களை "ஆலோசகர்" என்ற பெயரில் தன் கையில் வைத்திருந்தார். ஒஸ்கார் டி லா ஹோயாவின் கோல்டன் போய் நிறுவனம், முகாமையாளராக இருந்துகொண்டே அவர் ஏற்பாட்டாளர் வேலையையும் செய்கிறார் என்று குற்றஞ்சாட்டி, 2015இல் 30 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஷேஃபர், ஹேமனுடனான நெருக்கம் பற்றிய சர்ச்சைக்கு நடுவே பதவி விலகியிருந்தார். 2017 ஜனவரியில் நீதிபதி ஹேமன் பக்கம் தீர்ப்பளித்தார். கோடிகளும் சட்டத்தரணிகளும் உள்ள நிறுவனத்துக்கே இதை நிரூபிப்பது கடினமாக இருந்தது.

மேற்பார்வை செய்ய வேண்டியவர்களும் வியாபாரத்தில் இறங்கியதுண்டு. ஒலிம்பிக் குத்துச்சண்டையை நிர்வகித்த உலக அமைப்பு, 2010 முதல் தானே தொழில்முறைத் தொடர்களை நடத்தத் தொடங்கியது. விதி எழுதுபவரும், நடுவரை நியமிப்பவரும், போட்டியை விற்பவரும் ஒருவரே ஆனார்கள். நிதி, நிர்வாகம், நடுவர் தீர்ப்பு பற்றிய கேள்விகள் குவிந்தன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2019இல் அந்த அமைப்பை இடைநிறுத்தி, 2023 ஜூனில் அங்கீகாரத்தையே திரும்பப் பெற்றது.

கையெழுத்துக்கு முன்

திருகோணமலையில் கையெழுத்திட்டு வளைகுடாவில் மோதும் பிள்ளையை அமெரிக்கச் சட்டம் காப்பாற்றாது. ஆனால் அந்தச் சட்டம் கேட்கும் கேள்விகளை நாங்கள் கேட்கலாம். அந்த வீட்டு மேசையில் நான் எழுதிக் கொடுத்தவை இவை:

• போட்டியை நடத்துபவரும் என் முகாமையாளரும் வெவ்வேறு ஆட்களா?
• என் பணத்தில் எத்தனை வீதம் கழிக்கப்படும்? "செலவு" என்பதற்குள் எவை அடங்கும்? உச்ச வரம்பு என்ன?
• எத்தனை வருடம், எத்தனை போட்டி? போட்டி தராவிட்டால் நான் வெளியேறலாமா?
• காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது?
• பிணக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்?
• தமிழில் ஒரு பிரதி கிடைக்குமா?

அவரிடம் இருந்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கானது. முகாமையாளருக்கு 40 வீதம், அதற்கு மேல் செலவுக் கழிவு. செலவுக்கு வரம்பு எழுதப்படவில்லை. காயம் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பி கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு நாளின் பின் குரல் பதிவு ஒன்று வந்தது: "விருப்பமில்லாட்டி விடுங்க, வேற பெடியன்மார் நிக்கிறாங்க."

"விட்டிட்டனா அக்கா, இல்ல தப்பிட்டனா?" என்று கேட்டார். என்னிடம் உறுதியான பதில் இருக்கவில்லை. இன்னொரு வாய்ப்பு எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது. தாயார் மட்டும் அந்த ஆறு பக்கத்தையும் மடித்து, முகாம் காலத்துக் கடதாசிகள் இருக்கும் பைக்குள் வைத்தார். கையெழுத்து இல்லாமல் அந்தப் பைக்குள் போன முதல் கடதாசி அதுதான் என்றார்.