விடியுமுன் ஒரு மீன்சந்தை

வாஷியில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்களில் பலர், காலை பத்து மணிக்குக் கடைப்பலகையில் கிடக்கும் மீனை மட்டுமே கண்டவர்கள். அது எத்தனை கை மாறி வந்தது என்றறிய விரும்புவோர், ஒருநாள் தூக்கத்தைத் துறந்து கொலாபாவிலுள்ள சசூன் டாக்கிற்குச் செல்லவேண்டும்.

இருட்டில் புறப்படும் ரயில் முதலில் தாணே கழிமுகத்தைக் கடக்கும். கீழே தோணிகளைத் தேடிப்பாருங்கள். வாஷி நகரமாவதற்கு முன் கோளி மீனவர்களின் ஊர். 1970-இல் சிட்கோ தோன்றிப் புதுநகர் எழுந்த பின்னரும் அவர்கள் இந்நீரை விட்டகலவில்லை. மூன்றாவது சாலைப்பாலத்தால் பிழைப்புக் கெடுமென்று வழக்காடினார்கள். இழப்பீடு பெற அவர்களுக்கு உரிமையுண்டென்று 2021-இல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தால் சிறிது நேரத்தில் சசூன் டாக். பருத்தி வணிகம் செழித்த காலத்தில், 1875-இல், சசூன் குடும்பத்தார் அமைத்த துறை இது. இன்று இங்கே மீன்தான் அரசாள்கிறது. பழைய செருப்பணிந்து செல்லுங்கள், தரையெல்லாம் மீன்நீர்.

படகிலிருந்து கரைக்குக் கூடைகள் கைக்குக்கை பறக்கும். குவியலைச் சுற்றி ஏலம் நடக்கும். விலையை நிமிஷத்தில் முடித்து, பணத்தை இடுப்பில் செருகுபவர்கள் பெரும்பாலும் கோளிப் பெண்களே. ஏன் இவ்வளவு அவசரம்? பொம்பில் மீனையே பாருங்கள். உடம்பெல்லாம் தண்ணீராயிருப்பதால் வெயிலேறுமுன் குழைந்துவிடும். விற்காதது மூங்கில் கொடிகளில் கருவாடாகத் தொங்கும். பொழுது ஏற ஏற விலை இறங்கும். ஏலக்குரல் உரக்க ஒலிப்பது அதனால்தான்.

டோக்கியோவின் புகழ்பெற்ற சுகிஜி மீன்சந்தை 2018-இல் டொயோசுவுக்குப் பெயர்ந்தது. அங்கே சூரைமீன் ஏலத்தை அதற்கென ஒதுக்கிய இடத்தில் நின்றே காணலாம். இங்கோ கூடைக்காரர் உங்களை இடித்துக்கொண்டு ஓடுவார். நின்று வேடிக்கை பார்ப்பவர்தான் வழிவிட வேண்டும், அவரல்லர்!

ஒரு மூலையில் பெண்கள் குந்தியமர்ந்து இறால் உரிப்பார்கள். உரித்த அளவுக்கே கூலி. பனிநீரில் ஊறி வெடித்த அவ்விரல்களைக் கண்டவர்க்கு, உரித்த இறாலின் விலையில் பேரம் பேச நா எழாது.

வாங்க விரும்பினால் பெயர் தெரியவேண்டுமே! பாப்லெட் நம் வாவல்; சுர்மை வஞ்சிரம்; பாங்க்டா அயிலை; கோலம்பி இறால். விற்பவரை ‘மாவ்ஷி’ என்றழையுங்கள்; சித்தி என்று பொருள். பேரம் பாதி படிந்துவிடும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம்பெருக்கும் காலமது. ஆவணிப் பௌர்ணமியில் கோளியர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வணங்குவார்கள். அதன்பின் செல்வதே நன்று.

திரும்பும்போது ரயிலில் சரக்குப்பெட்டியை எட்டிப்பாருங்கள். ஏலம் எடுத்த கூடைகளோடு மாவ்ஷிகள் அமர்ந்திருப்பார்கள். நிலையத்துக்கு நிலையம் இருவர் மூவராய் இறங்குவார்கள். பத்து மணிக்குக் கடைப்பலகையில் நாம் காணும் மீன் அவர்கள் தலையிலேறிப் போய்க்கொண்டிருக்கும்.