கல்லைக் கடிக்கும் நாய்க்குட்டி

எங்கள் கோவிலம்பாக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருப்பார். வாசலில் ஒரு ஜல்லிக் குவியல் இருக்கும். அதன் மேல் ஒரு நாய் படுத்திருக்கும். சும்மா படுத்திருந்தால் பரவாயில்லை. ஒரு ஜல்லியை முன்னங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு 'கடக் முடக்' என்று கடித்துக்கொண்டிருக்கும். கேட்கிற நமக்கல்லவா பல் கூசுகிறது! எங்கள் வீட்டு ரோஸிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஜல்லி கிடைக்காத நாளில் கொட்டாங்கச்சி. அதுவும் இல்லையென்றால் நாற்காலிக் கால், டி.வி. ரிமோட், பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸ்.

"நாய்ப் பல்லு இரும்பு மாதிரிக்கா, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பாள் எதிர்வீட்டுப் பெண். நம்மில் பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மை என்ன தெரியுமா? நாயின் பல்லுக்கு மேலே இருக்கிற எனாமல் பூச்சு நம் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் அளவுகோலில் எனாமலுக்கு சுமார் 5. கல்லில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. அதிலும் நம் பக்கத்துக் கல் லேசுப்பட்டதா? கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல்லை 1893-ல் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்து எழுதினார். அந்த வகைப் பாறைக்கே பிறகு 'சார்னோகைட்' என்று பெயர் வந்துவிட்டது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் எல்லாம் அந்தப் பாறைதான். சமாதிக்கு உகந்த கல்; பல்லுக்கு ஆகாது.

இன்னொரு விஷயம். நாயின் தாடை கத்திரிக்கோல் மாதிரி மேலும் கீழும்தான் வேலை செய்யும். நம்மைப் போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் முடியாது. கெட்டியான பொருளை வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய், மேல் வரிசையில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல்லால்தான் கடிக்கும். உடைவதும் பெரும்பாலும் அதுதான், பக்கவாட்டில் ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும். உள்ளே இருக்கும் நரம்பு வெளியே தெரிந்தால் வலி உயிர் போகும். ஆனால் வாயில்லா ஜீவன் சொல்லாது. ஒரு பக்கமாகவே மெல்லும், சோற்றைக் கீழே சிந்தும், வாயோரம் எச்சில் வழியும். சில மாதம் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும். 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்' என்று மஞ்சள் பற்று போடுவோம். கண்ணுக்குக் கீழே வீங்கினால் முதலில் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஏன்தான் கடிக்கிறது? குட்டியாக இருந்தால் பதில் சுலபம். நம் குழந்தைகளுக்குப் பால்பல் 20 என்றால் அதற்கு 28. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து முளைக்கும். நான்காம் மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். ஈறு ஊறுகிற நேரத்தில் நம் கைக்குழந்தை கிலுகிலுப்பையைக் கடிக்கவில்லையா? அதே கதைதான். தரையில் சின்னதாக ஒரு பல் கிடந்தாலோ, கடித்த துணியில் ரத்தக்கறை லேசாகத் தெரிந்தாலோ பதற வேண்டாம்.

வளர்ந்த நாயும் கடித்தால்? பாதிக்குப் பாதி சலிப்புதான். காலையில் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் எல்லாரும் போய்விட, பூட்டின ஃப்ளாட்டில் அது என்ன செய்யும், வாரப் பத்திரிகையா படிக்கும்? ஆனால் கடிப்பதோடு நிற்காமல் கல், மண், சாம்பல் என்று விழுங்கவே ஆரம்பித்தால் விஷயம் வேறு. வயிற்றுப் பூச்சி, உண்ணி உறிஞ்சிய ரத்தசோகை, ஜீரணக் கோளாறு என்று உள்ளே ஏதாவது இருக்கலாம். மண் தின்னும் குழந்தையை டாக்டரிடம் காட்டுகிறோமே, அப்படி இதையும் காட்ட வேண்டும்.

விழுங்கினது எல்லாம் தானே வெளியே வந்துவிடும் என்றும் இருந்துவிட முடியாது. சின்னக் கல் போய்விடலாம். ஜல்லி அளவுக் கல் குடலில் அடைத்துக்கொள்ளும். மாம்பழ சீசனில் இன்னொரு வில்லன், மாங்கொட்டை. வழவழவென்று ஒரே விழுங்கில் உள்ளே போய்விடும். கல்லாவது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். மாங்கொட்டை, ரப்பர், துணி எல்லாம் சரியாகத் தெரியாது. அதனால் என்ன காணாமல் போனது என்று டாக்டரிடம் நாம் சொல்வதுதான் பாதி வைத்தியம். கடித்த பொருளின் மீதித் துண்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சோறு வேண்டாம் என்று மூலையில் முடங்குவது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, வெளிக்குப் போகாமல் முக்குவது - இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் கை வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும். கைக்கடிகார பாட்டரியைக் கடித்திருந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூட நேரம் கிடையாது. பெரிய சிகிச்சை என்றால் சென்னையில் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. இங்கிருந்து ஊரைத் தாண்டிப் போக வேண்டும்தான். அதனாலேயே ராத்திரி வரை காத்திருக்காமல் காலையிலேயே கிளம்புவது நல்லது.

இனி சொல்லப்போவதைக் குழந்தைகள் உள்ள வீட்டுத் தாய்மார்கள் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள். இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று கல், கட்டை, மண் என்று கண்டதையும் கடித்து விழுங்குவது வெறிநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கூடவே குரைக்கும் குரல் மாறியிருக்கும். இருட்டில் போய் ஒளியும், அல்லது காரணமில்லாமல் பாயும். வேறு வகையும் உண்டு. பாய்ச்சல் எதுவும் இருக்காது. தாடை தொங்கிப் போய், எச்சில் ஒழுக, தண்ணீரை விழுங்க முடியாமல் நிற்கும். பார்க்கிறவர்கள், "ஐயோ பாவம், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வாய்க்குள் கையை விட்டுவிடுவார்கள். அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். நோயின் குறி மனிதருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன் போடும் ஊசிதான் உயிர்.

தெருக்குட்டியின் வாயிலிருந்து பந்தைப் பிடுங்கும்போது பையனுக்குப் பல் கீறிவிட்டதா? "சின்னக் கீறல்தானே" என்று சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஊசி இலவசம். டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது. வீட்டு நாய்க்கு மூன்றாம் மாதத்தில் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம்.

கடிக்க என்னதான் கொடுப்பது என்பீர்கள். நான் வைத்திருப்பது நகப் பரீட்சை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் பல்லுக்கு ஆகாது. கடைகளில் விற்கிற மாட்டுக் குளம்பு, காய்ந்த எலும்பு, மான்கொம்பு எல்லாம் இந்தப் பரீட்சையில் ஃபெயில். பல் முளைக்கும் குட்டிக்குப் பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு அத்தனை இதம். நூல் பிரிந்தால் எடுத்துவிடுங்கள். சில்லென்ற காரட் கொடுக்கலாம். உள்ளே கூடான கெட்டி ரப்பர் பொம்மை கிடைக்கிறது. அது நாயின் வாய்க்குள் முழுசாக நுழையாத அளவில் இருக்க வேண்டும். ரோஸிக்கு அதில் உப்புப் போடாத கேழ்வரகுக் களியும் தயிரும் திணித்து உறைய வைத்துக் கொடுக்கிறேன். நக்கி முடிப்பதற்குள் நான் துணி துவைத்து உலர்த்திவிட்டு வந்துவிடுவேன்.

வாயில் கல் இருக்கும்போது, "ஏய், துப்பு!" என்று துரத்தினீர்களோ, போச்சு. பிடுங்கிவிடுவார்கள் என்று அவசரமாக விழுங்கிவிடும். எங்கள் வீட்டில் பண்டமாற்றுதான். இட்லித் துண்டைக் காட்டி "இந்தா" என்றால் கல் தானாகக் கீழே விழும். அது இட்லியைத் தின்னும்போது கல்லைக் காலால் தள்ளி எடுத்துவிட வேண்டும். என் பெண் இப்போது ஜியாமெட்ரி பாக்ஸை மீட்பதற்கென்றே தினம் ஒரு இட்லியில் பாதியை மிச்சம் வைக்கிறாள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று இனி அதற்கு வேறு நான் ஒரு இட்லி கூடுதலாக வார்க்க வேண்டும்.