வைஃபை பூட்டு: இருபது ஆண்டு கழித்தும் அதே ஓட்டை

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘பாதுகாப்பு’ பகுதியைத் திறந்தால் சில பெயர்கள் வரிசையாக நிற்கும்: டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3. இணைப்புக் கொடுக்க வந்தவர் எதைத் தேர்ந்தெடுத்தாரோ, அதுவே பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. நான்கும் ஒரே வேலைக்கான நான்கு பூட்டுகள். முன்னதில் கண்ட குறையை அடைக்கவே அடுத்தது வந்தது.

பூட்டு எதற்கு?

கம்பிவழி இணைப்பை ஒட்டுக்கேட்கக் கம்பி வரை போயாக வேண்டும். வைஃபை அலைகளோ, அடுப்படித் தாளிப்பு வாசனை போலச் சுவரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். வாசலில் நிற்பவர் கையிலுள்ள மடிக்கணினிக்கும் அவை எட்டும். எனவே காற்றில் விடும் முன்பே தகவலை மறையாக்கம் செய்தாக வேண்டும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 1997-ல் வெளியிட்ட 802.11 என்ற வைஃபை தரநிலையில் அதற்காகச் சேர்த்த ஏற்பாடுதான் டபிள்யூஇபி.

முதல் பூட்டு உடைந்தது எப்படி?

ரான் ரிவெஸ்ட் 1987-ல் வடிவமைத்த ஆர்சி4 முறையை டபிள்யூஇபி பயன்படுத்தியது. ரகசியச் சாவியை வைத்து, ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும் நீண்ட பிட் வரிசை ஒன்றை அது உருவாக்கும். அந்த வரிசையோடு கலந்துதான் தகவல் வெளியே போகும். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: ஒரே வரிசையை இரண்டு தகவல்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால், ஒட்டுக்கேட்பவர் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலந்தாலே போதும்; மறைத்திருந்த வரிசை கழிந்துபோகும். பிறகு ஒரு தகவலை ஊகித்துவிட்டால் மற்றது தானே வெளிப்படும்.

இதைத் தவிர்க்க, தகவல் பிரிந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு ஒரு புதிய தொடக்க எண்ணைச் சேர்த்தார்கள். ஆனால் அதற்கு ஒதுக்கியது வெறும் 24 பிட், அதாவது சுமார் 1.67 கோடி எண்கள். பரபரப்பான வலையமைப்பில் சில மணி நேரத்தில் இவை தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2001-ல் இதை அம்பலப்படுத்தினர். அதே ஆண்டு ஃபுளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், சில தொடக்க எண்கள் சாவியையே கசியவிடுவதை நிரூபித்தனர். 40 பிட் சாவியை 104 பிட்டாக நீட்டியும் பயனில்லை. அதையும் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கும் வழியை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்டனர்.

விலை கொடுத்தவர்களும் உண்டு. டிஜேஎக்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்திலிருந்து குறைந்தது 4.57 கோடி கார்டு விவரங்கள் திருடு போனது 2007-ல் தெரியவந்தது. அந்த நிறுவனம் டபிள்யூஇபியை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டதைக் கனடாவின் தனியுரிமை ஆணையர் கண்டித்தார்.

ஒட்டுப் போட்டதும் புதிதாகச் செய்ததும்

ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளைத் தூக்கியெறிய முடியாது. ஆகவே அதே கருவிகளில் மென்பொருளை மட்டும் புதுப்பித்து ஓடும்படி 2003-ல் டபிள்யூபிஏ வந்தது. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 ஆர்சி4-ஐக் கைவிட்டு, ஏஇஎஸ் மறையாக்கத்துக்கு மாறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் இருவரும் வடிவமைத்த ஏஇஎஸ்ஸை நடைமுறையில் இன்றுவரை யாரும் உடைக்கவில்லை.

ஆனாலும் 2017-ல் அதே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து மாத்தி வான்ஹூஃப் ‘கிராக்’ தாக்குதலை அறிவித்தார். போனும் ரவுட்டரும் இணையும்போது நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மூன்றாவது செய்தியைத் திரும்ப அனுப்பினால், போன் பழைய சாவியை மறுபடி நிறுவி, பொட்டல எண்ணையும் தொடக்கத்துக்கே கொண்டுபோனது. பயன்படுத்திய எண்களே திரும்பவும் பயன்பாட்டுக்கு வந்தன. டபிள்யூஇபியைக் கவிழ்த்த அதே தவறு! ஏஇஎஸ்ஸில் குறையில்லை, அதைக் கையாண்ட விதத்தில்தான் ஓட்டை. பாஸ்வேர்டை மாற்றுவதால் இது அடைபடாது. மென்பொருள் புதுப்பிப்புதான் அடைத்தது.

2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 வேறொரு குறையைத் தீர்த்தது. டபிள்யூபிஏ2-ல் இணைப்புப் பரிமாற்றத்தை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், வீட்டிலிருந்தபடியே லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். டபிள்யூபிஏ3-ல் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் ஏஇஎஸ்ஸுடன் கூடிய டபிள்யூபிஏ2-ஐயும் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொண்டே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்: அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது. பாஸ்வேர்டாகப் போன் எண்ணையோ பிறந்த தேதியையோ வைக்காமல், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ரவுட்டர், போன் இரண்டுக்கும் வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். புதுப்பிப்பே வராத பழைய ரவுட்டர் நன்றாக ஓடினாலும் அதை மாற்றுவதே நல்லது.