சிறு டிராக்டரும் புதிய சட்டிப் பலுகும்

கரிசல் பூமியில் உழவுக்கேற்ற பதம் நெடுநாள் நிற்பதில்லை. மழை விட்டவுடன் காலில் அப்பிக்கொள்ளும் மண், சில நாட்கள் வெயில் காய்ந்தால் கட்டி தட்டி இறுகிவிடும். கோவில்பட்டி வட்டாரத்தைப் போன்ற மானாவாரிப் பிரதேசங்களில் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து முதலிய பயிர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. ஆகவே புதிதாய் வாங்கிய கருவி பதமுள்ள நாட்களில் செவ்வனே வேலை செய்யாவிடில், நஷ்டம் டீசலோடு நில்லாது; அவ்வருஷத்து வெள்ளாமையையும் தொடும்.

சிறு டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் டிஸ்க் ஹாரோ என்று வழங்கும் சட்டிப் பலுகை இப்பொழுது உபயோகிக்கின்றனர். முதல் நாள் வேலையிலேயே அவர்கள் சில குறைகளைக் காண்பதுண்டு. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோடும் உழும்; நடுவில் வரப்புப் போல் மண் குவியும்; அல்லது சட்டிகள் மண்ணைக் கீறிக்கொண்டு போகுமேயன்றி இறங்கமாட்டா. உடனே கருவி மட்டமானதென்று முடிவு செய்து, சட்டத்தின்மேல் கற்களை ஏற்றுவோரும் உண்டு. பெரும்பாலும் இக்குறைகள் கருவியைச் சரிவரப் பொருத்தாமையால் உண்டாவன. மட்டம், கோணம், வேகம், பாரம் என்னும் நான்கையும் இவ்வரிசைப்படியே கவனித்தால் அவை நீங்கும்.

பலுகு, டிராக்டரின் பின்புறம் கீழே இரண்டு கைகளிலும், மேலே டாப் லிங்க் எனப்படும் இணைப்புக் கோலிலும் மாட்டப்படுகிறது. ஹாரி பெர்குசன் வகுத்த இம்மும்முனை இணைப்பு, 1939-ம் ஆண்டில் வெளிவந்த போர்டு-பெர்குசன் டிராக்டரின் மூலம் பெயர் பெற்றது. கருவியை முன்னும் பின்னும், வலமும் இடமும் சாய்க்க இவ்விணைப்பு இடங்கொடுப்பதால், மட்டம் பார்ப்பதே முதல் வேலையாகும்.

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பின்பு பலுகை மெல்ல இறக்கினால் இரு பக்கத்துச் சட்டிகளும் ஒருங்கே தரையைத் தொடவேண்டும். தொடாவிடில், வலது தூக்குக் கோலிலுள்ள கைப்பிடியைச் சுழற்றிச் சரிப்படுத்தலாம். கீழ்க் கைகளின் சங்கிலிகளை இருபுறமும் சமமாக இறுக்கி, பலுகின் நடுவும் டிராக்டரின் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் அமையச் செய்க.

அடுத்தது முன்பின் மட்டம். டாப் லிங்கைக் குறுக்கினால் பலுகின் முன்பாகம் தாழும். நீட்டினால் பின்பாகம் தாழும். முன்னிரண்டு வரிசைகள் மண்ணை வெளிப்புறமும், பின்னிரண்டு வரிசைகள் உட்புறமும் தள்ளும் நால்வரிசைப் பலுகில் இதன் பலன் தெளிவாய்த் தெரியும். நடுவில் பள்ளம் விழுந்தால் முன்வரிசைகள் அதிகம் வெட்டுகின்றன. டாப் லிங்கைச் சிறிது நீட்டவேண்டும். நடுவில் மேடு எழுந்தால் பின்வரிசைகள் மிகுதியாய்த் தள்ளுகின்றன, சிறிது குறுக்கவேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் திருப்பவேண்டியதில்லை.

மட்டம் அமைந்தபின் கோணத்தைப் பார்க்கலாம். சட்டிகள் கோத்த இருசு, செல்லும் திசைக்குக் குறுக்கே எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஆழமும் இழுவையும் மிகும். சிறு டிராக்டருக்குக் குறைந்த கோணத்தில் தொடங்கி, ஒவ்வொரு துளையாகக் கூட்டுவதே நலம். இடப்புறமும் வலப்புறமும் கோணம் ஒன்றாயிராவிட்டால் பலுகு ஒருபக்கமாய் இழுக்கும். பின்சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் கோணம் அதிகமென்று அறியவேண்டும். வேகத்தை மிகுத்தால் சட்டிகள் மண்ணைத் தூர எறிந்து நிலத்தை மேடு பள்ளமாக்கும். ஆகையால் சீரான நடுத்தர வேகமே தக்கது.

புதுச் சட்டிகளில் வர்ணம் இருக்கும்வரை மண் ஒட்டும். தேய்ந்து பளபளப்பானபின் குறையும். மண் வழிக்கும் தகடுகளுக்கும் சட்டிகளுக்கும் நடுவே ஒரு நெல்லின் கனம் இடைவெளி போதும். முதல் சில மணி நேர வேலைக்குப் பின் இருசின் நட்டுகள் தளர்வது இயல்பு. அவற்றை மறுபடி இறுக்காவிடில் சட்டிகள் ஆடிப் பேரிங்குகள் கெடும். கிரீஸ் இடுவதையும் மறக்கலாகாது. திருப்பும்பொழுது பலுகைத் தூக்கியே திருப்புக. தூக்கிய பலுகின் அடியில் கைவைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, உறுதியான மரக்கட்டைகளைத் தாங்கலாகக் கொடுக்கவேண்டும்.

இவையனைத்தும் செய்தும் சட்டிகள் இறங்காவிடில், மண் மிக உலர்ந்திருக்கலாம். அதற்குப் பதமே மருந்து. பாரம் ஏற்றுவது கடைசி வழி. சிறு டிராக்டரின் பின்னே பாரம் மிகுந்தால், பலுகைத் தூக்கும்பொழுது முன்சக்கரங்கள் மண்ணை விட்டு எழும்பி, வண்டி கைக்கு அடங்காமற் போகும். பாரம் வேண்டுமெனில் தயாரித்தவர் குறித்த அளவுக்குள், முன்புறத்தில் எதிர்ப்பாரமும் வைத்தே ஏற்றவேண்டும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இருபது தப்படி ஓட்டி, இறங்கிப் பார்ப்பதே சிறந்த பழக்கம். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது. சரியான நிலை கிடைத்ததும் டாப் லிங்கின் நீளத்தையும் கோணத் துளையையும் வர்ணத்தால் குறித்து வைத்தால், அடுத்த பருவத்தில் நேரம் வீணாகாது. இச்சோதனையை மழைக்கு முன்பே, களத்துமேட்டருகே ஒரு சிறு துண்டு நிலத்தில் முடித்துவிடும் விவசாயி, பதம் வந்த அன்றே விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்யலாம்.